368 சதுர அடி எங்கே இருக்கிறது? (டைல்ஸ் பில் குறித்த புகார் கடிதம்)

அனுப்புநர்:
வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்,
சிவதாபுரம், சேலம்.

பெறுநர்:
மேலாளர்,
டைல்ஸ் காண்ட்ராக்ட் நிறுவனம், சேலம்.

பொருள்: பழைய டைல்ஸ் பெயர்த்துப் புது டைல்ஸ் ஒட்டியதற்குக் கொட்டேஷனுக்கு மாறாகப் பில் போட்டதும், வேலையில் உள்ள குறைகளும்.

ஐயா,

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருவதற்குள் வீட்டுத் தரையை மாற்றிவிடலாம் என்று உங்களிடம் வேலையைக் கொடுத்தேன். ஹால் 20க்கு 12, சமையலறை 10க்கு 8. இரண்டும் சேர்த்து 320 சதுர அடி. உங்கள் ஆளே வந்து டேப் பிடித்து அளந்து, அந்த அளவைக் கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பழைய செராமிக் டைல்ஸ் பெயர்க்க சதுர அடிக்கு 22 ரூபாய், ரப்பீஸ் (பெயர்த்த சில்லும் கழிவும்) அகற்றுவது உட்பட. 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்ட 40 ரூபாய். ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் ஒட்டும் பட்டை, 55 ரன்னிங் அடி (நீள அளவு), அடிக்கு 25. டைல்ஸ், பசை, ஜாயிண்ட் பவுடர் எல்லாம் என் செலவு, உங்களுடையது கூலி மட்டும். மொத்தம் ரூ.21,215. அதில் 15,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் வந்த பில் ரூ.41,620.

கோபத்தில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்து, கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் கோபம் கூடியது.

ஒட்டிய அளவு 368 சதுர அடி என்று போட்டிருக்கிறீர்கள். நான் வாங்கியது 23 பாக்ஸ். ஒரு பாக்ஸில் நான்கு டைல்ஸ், 16 சதுர அடி. 23ஐ 16ஆல் பெருக்கினால் 368. அதாவது தரையை அளக்கவில்லை, பாக்ஸை எண்ணியிருக்கிறீர்கள். தரையில் இருப்பது 80 டைல்ஸ். ஸ்கர்ட்டிங்குக்கு 4 அங்குலப் பட்டையாக அறுத்தது 5. உடைந்தது 3. மீதி 4 டைல்ஸ் முழுசாக என் பின்கட்டு அறையில் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அவற்றை ஒட்டியதற்கும் என்னிடம் கூலி கேட்கிறீர்கள். ஸ்கர்ட்டிங்குக்கு அறுத்த 5 டைல்ஸுக்கு அடிக் கணக்கில் ஒரு கூலி, ரன்னிங் அடியில் இன்னொரு கூலி.

இதையாவது வழக்கம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். பழைய டைல்ஸ் பெயர்த்ததற்கும் 368 அடி போட்டிருக்கிறீர்களே! புதிதாக வாங்கிய பாக்ஸ் எத்தனையோ அத்தனைக்குப் பழைய தரை எப்படி ஐயா விரியும்? உங்கள் சூப்பர்வைசர் தம்பியிடம் கேட்டதற்கு, “சிஸ்டத்துல பாக்ஸ் கணக்குதாங்கண்ணா ஏறும்” என்றார். நான் கொலுசுத் தொழில் செய்கிறவன். சேதாரம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். வெள்ளியைக் கொடுத்தவரிடம் முடிந்த கொலுசின் எடைக்குத்தான் கூலி வாங்குகிறேன். தூளுக்கும் வெட்டுத்துண்டுக்கும் கூலி கேட்டால் மறுநாள் என் பட்டறைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

அடுத்தது, “அடிக்கலவை கொத்தல்” என்று அடிக்கு 10 ரூபாய் வீதம் 3,680. கொட்டேஷனில் இது இல்லை என்பது ஒரு பக்கம். வேலையே நடக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். டைல்ஸுக்கு அடியிலிருந்த ஒன்றரை அங்குலக் கலவையைக் கொத்தி எடுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தால் தரை இறங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏறியிருக்கிறது. மூன்று கதவும் அடியில் தட்டி, ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவியதற்கு நான் 1,200 ரூபாய் கொடுத்தேன்.

ரப்பீஸுக்கு மூன்று நடை, 5,400. உட்பட என்று எழுதிக் கொடுத்ததை விட்டுவிடுகிறேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மா எண்ணியது இரண்டு நடை. மூன்றாவது நடைக்கான சில்லெல்லாம் எதிர்க் காலிமனையில் கிடக்கிறது. மனைக்காரர் திட்டுவது உங்களை அல்ல, என்னை. ஜாயிண்ட் அடைக்க 2,000 என்பதற்கு நான் என்ன சொல்ல? ஜாயிண்ட் அடைக்காத தரையை முடிந்த வேலை என்று எந்தக் கொத்தனாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பணத்தை விட எனக்குப் பெரிய கவலை தரை. ஒரு ரூபாய் நாணயத்தால் 80 டைல்ஸையும் தட்டிப் பார்த்தேன். 11 டைல்ஸ் ‘டொங்’ என்று வெற்றாகச் சத்தம் போடுகின்றன. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. அதனால் பிடிப்பெல்லாம் பசையில்தான் இருக்கிறது, அதைப் பல் வைத்த கரண்டியால் முழுக்கப் பரப்ப வேண்டும். இங்கே நான்கு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கச் சொன்ன பசை 20 கிலோவில் 8 மூட்டை. 3 மூட்டை வாய் பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அப்போது மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்பட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரி மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல கைக்காரர். மறுநாள் வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் போனில் விரட்டியது என் காதிலும் விழுந்தது. சமையலறையில் தண்ணீர் ஊற்றினால் அது சாக்கடைத் துளைக்குப் போகாமல் ஹாலுக்கு வருகிறது.

கடைசியாக ஜிஎஸ்டி 18 சதவீதம், ரூ.6,349. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை. எண் இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. எண்ணோடு முறையான பில் கொடுத்தால் 21,215க்கான வரி 3,819ஐ மறுக்காமல் தருகிறேன். அப்படிப் பார்த்தாலும் மொத்தம் 25,034. அட்வான்ஸ் போக நான் தர வேண்டியது 10,034. நீங்கள் தினமும் போன் செய்து கேட்கும் 26,620 அல்ல.

நான் கேட்பது இவைதான். 320 அடிக்குத் திருத்திய பில் வேண்டும். வெற்றாக இருக்கும் 11 டைல்ஸையும் பெயர்த்து முழுப் பசை போட்டு ஒட்ட வேண்டும், சமையலறை வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். பெயர்க்கும்போது உடையத்தான் செய்யும். என்னிடம் இருப்பது 4, மீதி 7 டைல்ஸை அதே பேட்ச், அதே ஷேடில் நீங்கள் வாங்கி வர வேண்டும். காலிமனையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆசாரிக்குக் கொடுத்த 1,200ஐக் கழிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த அன்றே மீதிப் பணம் கையில் தருவேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, கால அவகாசமும் இரண்டு ஆண்டு இருக்கிறது.

உங்கள் ஆள் கையெழுத்திட்ட கொட்டேஷன், பில், பிரிக்காத பசை மூட்டைகளின் படம், வெற்று டைல்ஸில் சாக்பீஸால் குறியிட்ட படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஆள் அனுப்புவதானால் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள். அதற்கு முன் பட்டறையில் உருக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சிவதாபுரம்.