திருகோணமலையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு,

மார்ஃபன், ஏலர்ஸ்-டான்லோஸ் போன்ற பரம்பரைத் தொடுப்பிழைய நோய் (மூட்டு, தோல், இரத்தக்குழாய் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் இழையத்தில் வரும் குறைபாடு) இருக்குமோ என்று எங்கள் பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் குடும்பங்கள் சேர்ந்து எழுதுகிறோம். டொக்டரோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம். அதற்குள் அவர் கேட்பவற்றில் பாதிக்கு விடை உங்களிடம்தான் இருந்தது.

முதல் நன்றி உவர்மலை, மூதூர், தம்பலகாமம் அம்மம்மாமாருக்கு. மூன்று தலைமுறைக்கு ஆள் ஆளாகச் சொல்லித் தந்தீர்கள். "மாரடைப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனை வயதில், நெஞ்சிலிருந்து முதுகுவரை கிழிக்கிறமாதிரி நோவு இருந்ததா என்று திருப்பிக் கேட்டபோது பொறுமையாக நினைத்துப் பார்த்தீர்கள். மார்ஃபனில் பெருநாடி (இதயத்திலிருந்து வெளிவரும் பெரிய இரத்தக்குழாய்) கிழிந்து இறந்தவர்களையும் ஊர் மாரடைப்பென்றே சொல்லிவிடும். அதனால் அந்த விடைக்குப் பெறுமதி அதிகம். கண்வில்லை விலகியவர், குடலிறக்கம் வந்தவர், சொல்லவே கூச்சப்படும் கர்ப்பப்பை இறக்கம், ஒன்றையும் மறைக்கவில்லை.

தையல்கார அண்ணாவுக்கு: கைவீச்சை, அதாவது இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளத்தை, அளப்பது லேசான வேலையில்லை. நாடாவை நெஞ்சுக்கு மேலால் வளைத்துப் பிடித்தால் அளவு கூடிவிடும். பிள்ளையின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு நடுவிரல் நுனிக்கும் பென்சிலால் கோடு போட்டு, பிள்ளையை விலக்கிவிட்டுச் சுவரிலேயே அளந்தீர்கள். செருப்பில்லாமல் உயரம் 160 சென்ரிமீற்றர் என்றால், கைவீச்சு 168ஐத் தாண்டினால்தான் டொக்டர் அதைக் கணக்கில் எடுப்பார். ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தாலும் முடிவு மாறும்.

பாகைமானியோடு வந்த ரீச்சருக்கு: மூட்டு எவ்வளவு வளைகிறது என்று பார்த்துப் புள்ளி போட்டீர்கள். சின்னவிரல், பெருவிரல், முழங்கை, முழங்கால் இரண்டு பக்கமும், குனிந்து உள்ளங்கை நிலத்தில் படுவது, மொத்தம் 9 புள்ளி. ஒருதரம் வளைத்ததைப் படமெடுத்துவிட்டு, "இனி ஆருக்கும் வளைச்சுக் காட்டாதை" என்று பிள்ளையிடம் சொன்னீர்களே, அது பெரிய உதவி. வேடிக்கைக்கு வளைத்தே மூட்டு விலகும்.

பார்மசித் தம்பி "வெள்ளைக் குளிசை" என்று நாங்கள் சொன்னதையெல்லாம் பெயரும் மில்லிகிராமுமாக எழுதித் தந்தார். சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக் இருந்த இடத்தில் சிவப்புக் கோடும் போட்டார். பெருநாடி வீங்கியவர்களுக்கு அந்த வகை மருந்தைக் கூடியவரை தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது.

இன்னும் ஓர் உதவி. உங்கள் அலுமாரிகளில் சொந்தக்காரரின் பழைய எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கை இருந்தால் ஒரு போட்டோகொப்பி தாருங்கள். "நோர்மல்" என்ற சொல் போதாது. பெருநாடி வேரின் (இதயத்தில் பெருநாடி தொடங்கும் இடத்தின்) மில்லிமீற்றர் அளவும் திகதியும் உள்ள தாள்தான் வேண்டும்.

நன்றியுடன்,
திருகோணமலைக் குடும்பங்கள்