மனநல ஆய்வில் குழுவினருக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனநோயிலிருந்து மீண்டவர்கள் தாங்களே நடத்தும் ஆதரவுக் குழுக்களை ஆராய எங்கள் தேயிலைத் தோட்டப் பகுதிக்கு வருவோர், வினாத்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார்கள். கண்டறிந்தது என்னவென்று குழுவுக்குத் தெரிவதே இல்லை. கேள்விகளை வகுக்கும்போதே குழுவினரையும் உடன் அமர்த்தியிருந்தால், மாத்திரை வாங்க ஊட்டிக்குப் போகும் நாளில் கொழுந்து பறிக்கும் கூலி போய்விடுகிறது என்பதையும், மருந்தை இடையில் நிறுத்தியதற்கான காரணங்களுள் ஒன்றாக அவர்கள் சேர்த்திருப்பார்கள். இந்தியா 2007-இல் ஏற்புறுதி அளித்த, நீண்டகால மனநலப் பாதிப்பு உள்ளவர்களையும் உள்ளடக்கும் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் இத்தகைய கலந்தாலோசனையை வலியுறுத்துகிறது. இரகசியம் காப்பதிலும் அவர்களின் யோசனை தேவை. தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் லைன் வீடுகள் சிலவே உள்ள இடத்தில் பெயரை நீக்கினாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். எனவே ஆய்வுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்கள், ஆதரவுக் குழுவினரின் நேரத்துக்கு ஊதியமும், முடிவுகளை வெளியிடுமுன் அவர்களுக்குத் தமிழில் அறிக்கையும் தரப்படுவதைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.