போர்டு போட்டதாகக் கேள்விப்பட்டேன்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி போன மாசத்துக்கு இப்போது பரவாயில்லை. மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் அருவா மூன்று வந்திருக்கிறது, அதில் ஒன்று ஆளுயரம், ஒண்டியாகப் புரட்ட முடியாமல் ஒரு பையனைக் கூலிக்கு வைத்துச் சம்மட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் ஒரு அடி அடித்துவிட்டு ஒரு தடவை போனைப் பார்க்கிறான். சரி, அது கிடக்கட்டும்.

போன வாரம் அக்கா மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். உன் பட்டறை வாசல், ஷட்டர், மேலே போர்டு. பெயிண்ட்டும் இல்லை, ஃப்ளெக்ஸும் இல்லை, தகட்டில் எழுத்து எழுத்தாக வெட்டிப் பற்றவைத்திருக்கிறாய். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். இரண்டாவது எழுத்தின் வளைவில் ஒரு பிசிறு இல்லை. நம்ம கைதான் என்று அவனிடம் சொன்னேன், டீக்கடையிலும் சொன்னேன். அப்புறம்தான் அந்தப் பெயரை வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. நம்ம வீட்டில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது, குலசாமி பெயரும் அது இல்லை. ஏதாவது நட்சத்திரத்தின் பெயராக இருக்கும் என்று அம்மா சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பட்டறைக்குப் பெயர் வைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தைச் சொல்லலாம் என்று தோன்றியது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம் என்றால் நீ பங்குனியில் பேசியதுதான்.

நம்ம ஆட்கள் வைக்கிற பெயர் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். காமாட்சி, காளி, விஸ்வகர்மா. இந்த மூன்றில் ஒன்றை வைத்துவிட்டுப் பின்னால் 'பட்டறை' என்று போடுவார்கள், லேத் வாங்கிவிட்டால் 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' ஆகிவிடும். சென்னையில் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன், அது நம்ம சனத்துக் கோயில், அந்தத் தாயார் பெயரை வைத்தவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். விஸ்வகர்மாவுக்கு ஐந்து பிள்ளைகள் என்பார்கள், அதில் இரும்புக்கு மனு, மரத்துக்கு மயன். மயன் பெயரை வீடு கட்டுகிறவன், பிளான் போடுகிறவன் எல்லாம் வைத்துக்கொள்கிறான், மனு பெயரில் ஒரு கொல்லம்பட்டறையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். நம்ம ஆளுக்குச் சாமியைவிட அம்மன்தான் பக்கம் போலிருக்கிறது, நாள் முழுக்க நெருப்பு முன்னால் நிற்கிறவனுக்குத் தாயார் வேண்டியிருக்கிறது.

அதை விட்டால் அப்பா பெயரின் இனிஷியல். அதையும் விட்டால் பிள்ளை பெயர். லேத்துக்காரர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு, மூத்த பெண் பிறந்த வருஷம் தொழில் கூடியிருந்தால் அவள் பெயரை வைத்துவிடுவான், அப்புறம் அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாலும் அவள் பெயர் ரோட்டோரத்தில் வெயிலில் நிற்கும். சம்சாரத்தின் பெயரையும் வைக்கிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வைக்கிறார்கள்.

ஆனால் தம்பி, இதெல்லாம் போர்டு வந்த பிறகு வந்த பழக்கம். ஏர்க் கொழு காய்ச்ச வருகிறவனும் கதிரருவா பல்லு வெட்ட வருகிறவனும் போர்டைப் பார்த்தா வந்தான்? புளியமரத்துப் பட்டறை, கம்மாக்கரைப் பட்டறை, ஊமை ஆசாரி பட்டறை, இப்படி ஊர்தான் வைத்தது. கத்தியைச் சாணை பிடிக்க வருகிற தமிழ் வாத்தியார் ஒரு தடவை சொன்னார், சங்க காலத்தில் ஒரு புலவருக்கு மதுரைப் பெருங்கொல்லன் என்பதுதான் பெயராம். முதலில் ஊர், அப்புறம் தொழில், ஆளுக்கு என்று ஒரு பெயர் இல்லை. அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அது குறையாகவே படவில்லை. நம்ம ஊரையே எடுத்துக்கொள், எந்த ஊர்க் கடையில் அருவா தொங்கினாலும் திருப்பாச்சேத்தி அருவா என்று சொல்லித்தான் விற்கிறான், அடித்தவன் எவன் என்று யாருக்குத் தெரியும்? 2021-ல் போலீஸ் வந்து, அருவா வாங்குகிறவன் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதுகிறேன். வாங்குகிறவன் பெயர் நோட்டில் இருக்கிறது, நேர்த்திக்கடன் அருவா என்றால் கொடுக்கிறவன் பெயரை அருவாவிலேயே வெட்டுகிறேன். அடிக்கிறவனுக்கு ஒரு முத்திரை, அவ்வளவுதான்.

நம்ம முத்திரை பிறை. உனக்கு நினைவிருக்கும், சின்ன வயசில் அதைச் சூடு ஆறுவதற்குள் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டாய். எங்க ஐயா, உன் தாத்தா, லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, வளைவு கொண்டுவந்து, கடைசிச் சூட்டில் பிடிக்குப் பக்கத்தில் பிறையைக் குத்துவார். இரும்புக்கு உரம் ஏற்றுகிற துவைச்சல் அதற்கு அப்புறம்தான். தண்ணீரில் முக்கி எடுத்து, வெட்டுகிற வாயைச் செங்கல் துண்டால் தேய்த்து வெளுப்பாக்கி, கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் இருக்கிற சூடு வாய்க்கு ஓடிவரும், வைக்கோல் நிறம் வரும், அது தாண்டிச் செம்பு காட்டும், அந்த நொடியில் மறுபடி முக்குவார். நீலம் ஏறிவிட்டால் வாய் மடங்கும், அவசரப்பட்டு முந்தி முக்கினால் பொரிந்து போகும். அந்த நேரத்தில் யாராவது பேசினால் கெட்ட வார்த்தைதான். நீ பவர் ஹேமர் வைத்திருக்கிறாய், நல்லது, ஆனால் இதை எந்த மிஷினிலும் போட முடியாது. சாணை பிடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்.

ஒரு விஷயம், பெயர் எதுவாக இருந்தாலும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சிறுதொழிலுக்குச் செய்கிற உத்யம் பதிவில் ஒரு மாதிரி, பேங்க்கில் ஒரு மாதிரி, பில் புத்தகத்தில் ஒரு மாதிரி என்று இருந்தால் கரண்ட் அக்கவுண்ட் திறக்க முடியாது, அதற்கு அந்தப் பெயரிலேயே இரண்டு சான்று கேட்பார்கள். உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டால் கொடுக்காதே. போர்டில் தமிழ் பெரிசாக இருக்க வேண்டும், நீ அப்படித்தான் வைத்திருக்கிறாய், சந்தோஷம். இங்கிலீஷில் ஏதோ சின்னதாகக் கீழே போட்டிருக்கிறாய், அக்கா மகன் வாசித்தான், எனக்குப் புரியவில்லை. அம்மாவின் ரெட்டை வடத்தை இன்னும் மீட்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்க மாட்டாள், பட்டறை ஓடட்டும்.

சாதிப் பெயரை நீ போடவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னை ஆசாரி மகனே என்று கூப்பிட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் தாத்தா பெயரில் ஒரு எழுத்தாவது, அம்மா பெயரில் ஒரு எழுத்தாவது, இல்லை அந்தப் பிறையாவது ஒரு ஓரத்தில் இருந்திருக்கலாம் என்று எழுத ஆரம்பித்தேன். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எழுதுகிறேன்.

ஏனென்றால் இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நம்ம பட்டறையை ஊர் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும். நொண்டி ஆசாரி பட்டறை. ஐயாவுக்குச் சின்ன வயசிலேயே சம்மட்டி நழுவிப் பாதம் நசுங்கி, அதோடுதான் கடைசிவரை நடந்தார். அவர் அதற்குக் கூச்சப்பட்டதே இல்லை, "ஆமாய்யா, நொண்டி பட்டறைதான், வா" என்பார். கூச்சம் எனக்குத்தான். 1991-ல் உன் அம்மாவைப் பேசி முடித்து, பெண் வீட்டார் பட்டறை பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்பார்கள், நொண்டி பட்டறையா என்று எவனாவது கேட்பான். மானாமதுரையிலிருந்து பெயிண்டரைக் கூட்டிவந்து போர்டு எழுதினேன். அம்மன் பெயரைக்கூட எழுதவில்லை. என் பெயரை எழுதினேன், முழுசாக, முன்னால் இனிஷியல்கூட இல்லாமல்.

ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது. வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். என்னடா எழுதியிருக்கு என்றார். "உங்க பேருதான் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

ஏழு வருஷம், தம்பி. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஏணி வைக்கச் சொல்லி, அந்தக் காலோடு தானே ஏறி, அந்தப் போர்டுக்குச் சந்தனம் தொட்டு வைப்பார். பட்டடைக்கு, உலைக்கு, துருத்திக்கு, கடைசியில் போர்டுக்கு. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உனக்கு அப்போது ஐந்து வயசு, பள்ளிக்கூடம் சேர்த்த வருஷம், எந்த எழுத்தைக் கண்டாலும் கூட்டிக் கூட்டிப் படிப்பாய். அவர் ஏணியில் நிற்கிறபோது நீ கீழே நின்று போர்டைச் சத்தமாகப் படித்தாய். என் பெயரை. படித்துவிட்டு, அப்பா பேரு என்று என்னைக் காட்டினாய்.

அவர் சந்தனத்தை வைத்து முடித்தார். இறங்கி வந்து உன் தலையைத் தடவி, நல்லா படிக்கிறான் என்றார். என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இறந்துபோகிற வரைக்கும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் ஏணி வைக்கச் சொல்லிச் சந்தனம் வைத்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் போர்டு மழையில் அழிந்த பிறகு நான் மறுபடி எழுதவே இல்லை, நீ கேட்டபோதெல்லாம் பெயிண்ட் விலை என்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ.

அந்தப் பிறை உளியை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். முனை மழுங்கவில்லை, நேற்றுதான் அரம் போட்டேன். நான் நேர்த்திக்கடன் அருவாவுக்கு வேறு ஒன்று அடித்துக்கொள்வேன். உனக்குத் தேவைப்பட்டால் குத்து, இல்லாவிட்டால் துணியில் சுற்றி வை, எண்ணெய் தடவாமல் வைக்காதே.

ஆயுத பூசைக்கு வா. ஆரப்பாளையத்தில் இறங்கியதும் போன் பண்ணு, மதுரையிலிருந்து பைபாஸில் போகிற பஸ்ஸில் ஏறிவிடாதே, ஊருக்குள் வருகிறதா என்று கேட்டு ஏறு. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார், மறுபடி சொல்கிறேன். அம்மா அன்றைக்கு வடை பாயசத்தோடு சமைக்கிறேன் என்கிறாள், எத்தனை இலை போட வேண்டும் என்று கேட்டாள். ஒரு இலையா இரண்டு இலையா என்று மட்டும் அக்கா மகன் போனுக்கு எழுதிவிடு, நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா