அம்மாவின் இருமல்

சயான் கோலிவாடா, மும்பை

அன்புள்ள கண்ணம்மா,

அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஐந்து வாரமாக உன்னிடம் மறைத்தேன். போனில் "வெறும் சளிதான்" என்றது பொய். திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

மழைக்காலத்தில் தொடங்கிய இருமல். பக்கத்து டாக்டர் எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் சளியைக்கூடச் சோதிக்காமல் டிபி மருந்து எழுதிவிட்டார். டிபிதான் நமக்குத் தெரிந்த வியாதியாச்சே, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் வீண். அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எடுத்தபோது நன்னாரி சர்பத் நிறத்தில் வந்தது.

அப்புறம் சிடி ஸ்கேனில் இடம் பார்த்து, முதுகு வழியாக ஊசி விட்டு, சேமியாத் துண்டு மாதிரி சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று, அதாவது ஒரு வகைப் புற்றுநோய் என்று வந்த அன்றே உன் நம்பரை எடுத்தேன். ஆனால் டாடா ஆஸ்பத்திரி டாக்டர், பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எந்த மரபணுக் கோளாறு இதை வளர்க்கிறது என்று பார்த்த பிறகுதான் மருந்து முடிவாகும் என்றார். பாதி விஷயத்தைச் சொல்லி உன்னை அங்கே தூங்கவிடாமல் செய்வானேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சதையை மெழுகில் பதித்துத் தருகிறார்கள். பிளாக் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சின்னது. டிபன் பையில் வைத்து சயானிலிருந்து டாடா ஆஸ்பத்திரி இருக்கும் பரேல்வரை லோக்கலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு அப்படி நின்றிருக்கிறேன்.

நடுவில் பெட் ஸ்கேன். லேசான கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். நோய் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். "அப்போ இனிமே பாயசம் கூடாதா?" என்று கேட்டாள் உன் அம்மா. கூடுமாம்.

எடுத்த நீரிலும் நோய்ச் செல்கள் இருந்ததால் நான்காம் கட்டம். ஆபரேஷனுக்கு வழியில்லை. ஆனால் மரபணுச் சோதனையில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் கோளாறு தெரிந்திருக்கிறது. அதற்கென்றே மாத்திரை உண்டு: ஜெஃபிடினிப், 250 மில்லிகிராம், தினம் ஒன்று. நோயை அடியோடு பிடுங்காது, அடக்கி வைக்கும். என்றாவது நோய் அதற்குப் பழகிவிடும், அப்போது வேறு மருந்து பார்க்க வேண்டும். டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

இப்போது மாத்திரையால் முகமெல்லாம் பரு, கொஞ்சம் வயிற்றுப்போக்கு. "அறுபது வயசில் பருவம் வந்திருக்கு" என்கிறாள். ஜெலுசில் பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவிட்டேன். வயிற்றில் அமிலம் குறைந்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம்.

நீ கேட்கப்போவது தெரியும். நான் 1998 வரை வீட்டுக்குள்தான் சிகரெட் பிடித்தேன். டாக்டரிடம் கேட்டேன். இந்தக் கோளாறு புகைபிடிக்காதவர்களிடம்தான் அதிகம் தெரிகிறது, பிறர் விடும் புகையும் கெடுதல்தான், ஆனால் இவருக்கு இதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அம்மா என் கையைத் தட்டி, "வரிசையில ஆள் நிக்குது, எழுந்திருங்க" என்றாள்.

உடனே டிக்கெட் போடாதே. மாத்திரை கேட்கிறதா என்று ஜனவரியில் சிடி எடுப்பார்கள். அப்போது வா. அந்த ரிப்போர்ட்டைத் தனியாக வாங்கப் போக எனக்குத் தைரியமில்லை.

அப்பா