அம்மாவை வெளியே அனுப்பாதீர்கள்

அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் குழந்தைகள் வார்டுப் பொறுப்புச் செவிலியர்களுக்கும்,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் குழந்தைகள் வார்டில் நின்றவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். சிகிச்சை அறைக் கதவில் தொங்கும் ஒரு பலகையைப் பற்றித்தான் இந்த மடல்: 'உடன் இருப்போர் வெளியே நிற்கவும்.'

அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று வயதுப் பையன், காய்ச்சல், ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். "நீங்க போங்கம்மா, நீங்க இருந்தா இன்னும் அழுவான்" என்று தாயை அனுப்பிவிடுவோம். பெட்ஷீட்டில் சுருட்டி மல்லாக்கப் படுக்கவைத்து ஒருவர் காலை, ஒருவர் தோளை, ஒருவர் தலையை அமுக்குவோம். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் கண்ணு" என்று பொய் வேறு. அவன் திமிறத் திமிற நரம்பு நழுவும். இரண்டாம் குத்து, மூன்றாம் குத்து. வெளியே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பெண்.

எத்தனை முறை செய்திருப்பேனோ, கணக்கில்லை. ஒரு பையனை மட்டும் மறக்க முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் கிடந்தான். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம்தான் அம்மாவுக்கு அனுமதி. முதல் இரண்டு நாள் தொண்டை கட்டும்வரை அழுதான். மூன்றாம் நாள் அழுகை நின்றது. ஊசிக்குக் கையை நீட்டினான். 'குழந்தை அமைதியாக உள்ளது' என்று நோட்டில் எழுதினேன், "சமத்து" என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆறாம் நாள் அம்மா தூக்கப் போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் அன்று கண்டதை லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மனநல சமூகப் பணியாளர் 1952லேயே படம்பிடித்துக் காட்டியிருந்தார். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் கதை அது. பிள்ளை முதலில் கதறும், பிறகு சோர்ந்து அடங்கும், கடைசியில் தாயே வேண்டாம் என்பதுபோல் விலகும். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் வார்டுகள் 'பழகிவிட்டது' என்று எழுதிவந்தன என்பது அவர் வாதம். அப்போதெல்லாம் பல பிரிட்டிஷ் வார்டுகளில் பெற்றோர் எட்டிப்பார்க்கவே நேரக் கட்டுப்பாடு. 1959இல், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை அங்கே ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை வந்து, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னக் குழந்தைகளோடு தாயும் தங்க வசதி வேண்டும் என்று சொன்னது. சொன்னது நடைமுறைக்கு வர அவர்களுக்கும் பல வருடம் பிடித்தது.

அவர்கள் போராடி வாங்கியது நம்மிடம் கேட்காமலே இருந்தது. கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய் இல்லாத குழந்தைகள் வார்டு நம் ஊரில் ஏது? ஆனால் அவளுக்கு நாம் வைத்த பெயர் அட்டெண்டர். கஞ்சி வாங்கிவர, துணி அலச, ரத்தம் எடுத்த டியூபை லேபுக்குத் தூக்கி ஓட அவள் வேண்டும். ஊசி குத்தும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் வேண்டாம். (அப்பாக்கள் பாடு இதைவிட மோசம். ராத்திரி பூராவும் கேட்டுக்கு வெளியேதான்.)

அவளை உள்ளே விட்டால் என்ன ஆகும்? பணியின் கடைசி வருடங்களில் செய்து பார்த்தேன். தாய் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக மடியில் வைத்து அணைத்துக்கொள்வாள். ஒரு கை மட்டும் அவள் அக்குள் வழியே எங்கள் பக்கம் நீளும். "வலிக்கும், கொஞ்ச நேரம்தான், அம்மா பிடிச்சிருக்காங்க" என்று உண்மையைச் சொல்வோம். அழத்தான் செய்யும், திமிறல் குறையும். அமுக்க ஆளும் குறைவாகப் போதும். பச்சைக் குழந்தைக்குக் குதிகாலில் குத்தும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாலே வலி குறைகிறது. கட்டிலில் வைத்து மட்டும் எதையும் குத்தாதீர்கள். அந்த ஒரு இடமாவது பயமில்லாமல் தூங்க இருக்கட்டும். பார்க்க முடியாது, தலை சுற்றுகிறது என்று சொல்லும் தாயை வற்புறுத்தவும் வேண்டாம்.

தொற்று வரும் என்பீர்கள். 2017இல் மத்திய சுகாதார அமைச்சகமே, நோயுற்ற பச்சைக் குழந்தைகளின் பிரிவுக்குள் பெற்றோரைக் கைகழுவப் பழக்கி, பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021இல் வந்த கங்காரு பராமரிப்பு ஆய்வு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. எடை குறைந்த சிசுக்களை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனே தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். முதல் 28 நாள் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

ஆள் போதாது என்பீர்கள். அது உண்மை. ராத்திரி டியூட்டியில் நாற்பது குழந்தைகளுக்கு ஒருத்தியாக நின்றவள் நான், அதை மறைக்க மாட்டேன். கூடுதல் செவிலியர் கேட்டு நீங்கள் அனுப்பும் கோப்பு நகரட்டும். ஆனால் அந்த நாற்பது கட்டிலிலும் "சிஸ்டர், இவன் மூச்சு நேத்து மாதிரி இல்ல" என்று முதலில் சொன்னது எங்கள் மானிட்டர் அல்ல, பாயில் படுத்திருந்தவள்தான். அவள் சொல்வதை எழுத கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஒதுக்கக் காசு ஆகாது.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, சிகிச்சை அறைக்குள் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி போடுங்கள். கைப்பிடி இருந்தால் பிள்ளையின் கை நம் பக்கம் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் வார்டு செவிலியர் ஒருவர்