முதற் பாகம் நீளமாகத்தான் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மிகுகற்பனை நாவல் தொடரின் முதற் பாகமான ‘தி ஐ ஆஃப் த வேர்ல்ட்’ நூலைப் பற்றிக் கடந்த ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். 1990-இல் வெளிவந்த, ஏறத்தாழ 800 பக்கங்கள் கொண்ட அந்த நூலின் முதல் நூறு பக்கங்களைப் புரட்டிவிட்டு நேரே கதைக்குள் போகலாம் என்று இளம் வாசகர்களுக்குக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பக்கங்களில் என்னதான் நடக்கிறது? ராண்ட் என்ற இளைஞன், வசந்த விழாவுக்கான மதுப் பீப்பாய்களை வண்டியில் ஏற்றித் தகப்பனோடு ஊருக்கு நடந்து போகிறான். காற்று ஓயாமல் அடிக்கிறது, அவனுடைய மேலங்கியைப் பிடித்து இழுக்கிறது. திரும்பிப் பார்க்கிறான். கறுப்பு அங்கி அணிந்த ஒருவன் குதிரைமேல் இருக்கிறான். அத்தனை காற்றிலும் அவனுடைய அங்கி மட்டும் அசையவில்லை! காற்றைப் பற்றிய வரிகளைத் தாண்டிப் போனவருக்கு இந்த இடத்தில் ஒன்றுமே தோன்றாது. அன்றிரவே பண்ணை வீடு தாக்கப்படுகிறது. காயம்பட்ட தகப்பனைக் கிடத்தி இழுத்துக்கொண்டு, பகலில் நடந்த அதே பாதையின் ஓரமாகக் காட்டுக்குள் ராண்ட் போகிறான். அது எவ்வளவு தூரம் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் அந்த இரவு அப்படி வதைக்கிறது. காய்ச்சலில் தகப்பன் பிதற்றுவது என்ன என்பதை, இனிப் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

குறை சொல்வதென்றால் வேறு இடங்கள் உண்டு. நண்பர்கள் இருவர் சத்திரம் சத்திரமாகத் தங்கிப் போகும் பகுதி சொன்னதையே சொல்கிறது. முடிவோ அவசர அவசரமாக வந்து விழுகிறது. அதற்கு இன்னும் ஐம்பது பக்கங்கள் கொடுத்திருக்கலாம். தொடக்கத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. நம் கிழக்கில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள், ஒவ்வொரு பாத்திரமும் அரங்குக்கு வரும்போது ஆடும் வரவாட்டத்தையும் ஆற அமர இருந்து பார்த்தவர்கள்தானே?

இந்தத் தொடரை நம்பித் தொடங்கலாம். மொத்தம் 14 பாகங்கள். ஜோர்டன் 2007-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளர் கடைசி மூன்று பாகங்களை எழுதி 2013-இல் நிறைவுசெய்தார்.

திருகோணமலையில் இத்தகைய நூல்களுக்கு ஏங்கும் உயர்தர வகுப்பு மாணவர்களை எனக்குத் தெரியும். கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்லி, அப்படி வந்த ஒரு பிரதியைக் கைமாற்றிப் படிக்கிறார்கள். நூலகங்கள் தொடர் நாவல்களை வாங்கும்போது முதலிரண்டு பாகங்களோடு நிறுத்தாமல் முழுவதையும் வாங்க வேண்டும். உங்கள் இலக்கியப் பக்கமும் அடுத்த முறை இந்தத் தொடரை இறுதிவரை படித்த ஒருவரிடம் கட்டுரை கேட்டு வாங்கிப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.