பொய்ச்சாட்சிக்குச் சட்டம் இருக்கிறது, புகார்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொய்ச்சாட்சி சொல்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதி சொல்லச் சொல்ல எத்தனையோ பேரின் சாட்சியத்தை அடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை தண்டனை குறைவாக இல்லை, அதை யாரும் கையில் எடுப்பதில்லை.

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவைப் பாருங்கள். வழக்கு விசாரணையில் தெரிந்தே பொய்ச்சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தின் 193ஆவது பிரிவிலும் அதே 7 ஆண்டுதான். மரண தண்டனைக்குரிய வழக்கில் ஒருவரைச் சிக்க வைக்கப் பொய் சொன்னால் ஆயுள் சிறை வரை போகும். அந்தப் பொய்யால் நிரபராதி தூக்கிலிடப்பட்டுவிட்டால், சொன்னவருக்கே மரண தண்டனை விதிக்கலாம். இதற்கு மேல் எதைக் கூட்டுவது?

ஆனால் பொய்ச்சாட்சியால் கெட்டவர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் வழக்குப் போட முடியாது. அந்த நீதிமன்றமோ அதற்கு மேலுள்ள நீதிமன்றமோ எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு தேவைதான். இல்லாவிட்டால் தோற்றவரெல்லாம் ஜெயித்தவரின் சாட்சிகள் மேல் கேஸ் போடுவார்கள், அப்புறம் கூண்டேற ஆளே வராது. சரி, அப்படியானால் நீதிமன்றமாவது புகார் கொடுக்க வேண்டுமே? தீர்ப்பு வந்ததும் வழக்குக் கட்டு பதிவறைக்குப் போய்விடுகிறது.

ஓர் அடிதடி வழக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நேரில் பார்த்த சாட்சி, முன்பு மாஜிஸ்திரேட்டிடம் சத்தியம் செய்து, யார் கம்பால் அடித்தார் என்று பெயர் சொல்லி வாக்குமூலம் கொடுத்தவர். விசாரணையன்று கூண்டில் நின்று, "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார். சொல்லும்போது ஒரு தடவைகூட நீதிபதியைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சையே பார்த்தார். பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிப் பேசுபவர், என்று தட்டச்சு செய்தேன். எதிர்ப் பக்கம் அடிபட்டவர், மடக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. சாட்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமேல் வர வேண்டியதில்லையே சார்?" என்று என்னிடம் கேட்டார். உண்மையிலேயே அவரை யாரும் கூப்பிடவில்லை.

சட்டப் புத்தகத்தில் இதே மாதிரி ஓர் உதாரணமே இருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் 'கம்பால் அடித்ததைப் பார்த்தேன்' என்றும், செஷன்ஸ் நீதிமன்றத்தில் 'அடிக்கவே இல்லை' என்றும் ஒருவர் சத்தியம் செய்து சொன்னால், இரண்டில் எது பொய் என்று நிரூபிக்க முடியாமல் போனாலும் அவரைத் தண்டிக்கலாம். இவ்வளவு வசதியாக வழி வைத்தும் அதில் நடப்பவர் சிலர்தான்.

நீதிபதிகளுக்கு வேலைப்பளு உண்டு, மறுக்கவில்லை. அதற்காகத்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 383ஆவது பிரிவு இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போதே பொய்ச்சாட்சி என்று பதிவு செய்து, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, அதே நீதிமன்றமே சுருக்கமாக விசாரிக்கலாம். 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சிறியதுதான். ஆனாலும் கூண்டில் புரளும் நாக்குக்கு அந்த 3 மாதம் போதும் என்பது என் கணிப்பு.

எல்லாச் சாட்சியும் காசுக்குப் புரளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பயந்து புரண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொல்லிவிட்டது. ஒரு சாட்சி புரண்டால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யார் என்றும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். அந்த ஆளைத் தொடாமல் கூலிவேலை செய்யும் சாட்சியை மட்டும் உள்ளே தள்ளினால் அதுவும் அநியாயம்தான்.

பிறழ் சாட்சியால் விடுதலையாகும் ஒவ்வொரு வழக்கிலும், அந்தச் சாட்சி மேல் நடவடிக்கை வேண்டுமா, வேண்டாமென்றால் ஏன் என்று தீர்ப்பிலேயே ஒரு பத்தி எழுத உயர் நீதிமன்றங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். உங்கள் இதழ் இதை எடுத்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றத் தட்டச்சர்